ஒரே பிரிவா, பிரிந்து கலந்த உறவா?

மனித டிஎன்ஏவையும் சிம்பன்சியின் டிஎன்ஏவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேறுபாடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சில துண்டுகள் பிரிந்து வெகுகாலம் ஆகியிருக்கிறது. சில துண்டுகள் மிக நெருங்கி நிற்கின்றன. 2006-இல் நிக் பேட்டர்சன், டேவிட் ரைக் குழுவினர் இந்த ஏற்றத்தாழ்வை 40 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று கணக்கிட்டு நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். எல்லாவற்றிலும் இளையதாக நின்றது எக்ஸ் குரோமோசோம்.

அவர்கள் தந்த விளக்கம் துணிச்சலானது. இரு வம்சங்களும் முதலில் பிரிந்தன, பிறகு மீண்டும் இணைசேர்ந்தன, இறுதிப் பிரிவு கடந்த 63 லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்தது. கலப்பினங்களில் மலட்டுத்தன்மை பெரும்பாலும் ஆண்களைத்தான் முதலில் தாக்கும். ஆணிடம் இருப்பது ஒரே எக்ஸ். அதன் குறையை மூடிமறைக்க இன்னொன்று கிடையாது. ஆகவே ஒத்துவராத எக்ஸ் கழிந்து, ஒரு தரப்பின் எக்ஸே நிலைத்தது என்றார்கள். சாட் நாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுப் பழமையான தூமாய் மண்டையோட்டில் மனித வம்சத்தின் சாயல் இருந்ததும் அவர்களுக்குத் துணைநின்றது. முதல் பிரிவு அவ்வளவு பழையது என்றால் பிந்திய கலப்பும் நடந்திருக்கலாம் அல்லவா?

மறுதரப்பில் ஜான் வேக்லி 2008-இல், கலப்பே தேவையில்லை, மூதாதைக் கூட்டம் பெரிதாக இருந்தாலே போதும் என்றார். பெரிய கூட்டத்தில் ஒரே மரபணுவின் பழைய வகைகள் நெடுங்காலம் அழியாமல் உலவும். பிரியும்போது எது எந்தப் பக்கம் போனது என்பது தற்செயல். 2012-இல் வெளியான கொரில்லா மரபணுத்தொகை இதை அழுத்தமாகக் காட்டியது. அதன் ஏறத்தாழ 30 விழுக்காட்டுப் பகுதிகளில், மனிதனும் சிம்பன்சியும் தமக்குள் நெருங்குவதைவிடக் கொரில்லா இவ்விருவரில் ஒருவருக்கு அதிக நெருக்கம். அங்கெல்லாம் கலப்பைக் காரணம் காட்ட வேண்டியதே இல்லை. பெற்றோர், பிள்ளைகளின் டிஎன்ஏவை நேரடியாக ஒப்பிட்டபோது மரபணுப் பிறழ்வுகள் சேரும் வேகமும் முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. பிரிவின் காலம் பின்னோக்கிப் போனது, தூமாயும் அதற்குள் அடங்கிவிட்டது.

மிஞ்சிய சாட்சி எக்ஸ் மட்டும்தான். பிறழ்வுகள் தந்தை வழியில் அதிகம் வருவதால், பெண்களிடமே கூடுதல் காலம் தங்கும் எக்ஸ் மெதுவாக மாறும். அது ஒரு பங்குதான். மூதாதையரிடமே வலுவான இயற்கைத் தேர்வு எக்ஸின் பெரும்பகுதிகளில் இருந்த பழைய வகைகளைத் திரும்பத் திரும்பத் துடைத்திருக்கிறது என்று 2015-இல் ஒரு குழு காட்டியது. என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. ஆனாலும் கலப்புக் கருத்தைத் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை: அப்படித் துடைக்கப்பட்ட பகுதிகள் பலவற்றில்தான், நம்மோடு உண்மையிலேயே கலந்த நியாண்டர்தாலின் டிஎன்ஏவும் இன்றைய மனிதர்களிடம் இல்லாமல் போயிருக்கிறது; கலப்பில் ஒத்துவராத எக்ஸ் கழிந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.