நோட்டரியின் இடது கை

மூன்று மாதம் முன்னால் வேறொரு கிளையிலிருந்து போன். நான் கையெழுத்துப் போட்ட டிராஃப்ட் ஒன்று அங்கே போயிருக்கிறது. "மாதிரிக் கையெழுத்தோட ஒத்துப்போகலையே சார், நீங்க போட்டதுதானா?" என்று ஹிந்தியில் கேட்டார்கள். நான் போட்டதுதான். இருபது வருஷமாக ஒரே மாதிரி விழுந்த கையெழுத்து கோணிக்கொண்டு விட்டது. வங்கிக்காரனுக்கு இதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்!

காரணம் எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே ராத்திரியில் வலது கட்டைவிரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்துப்போகும். உதறிவிட்டுத் தூங்கிவிடுவேன். மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பெரிய சாமர்த்தியம் என்று வீட்டில் பீற்றிக்கொண்டும் இருந்தேன். போன் வந்த பிறகுதான் இங்கே நாக்பூரில் ஒரு டாக்டரிடம் போனேன். சர்க்கரையும் தைராய்டும் முதலில் பார்க்கச் சொன்னார் (அவையும் காரணமாகலாமாம்). பிறகு, மணிக்கட்டின் குறுகலான பாதையில் நரம்பு நசுங்குகிறது, கார்பல் டன்னல் என்றார். ராத்திரி கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். கீபோர்டையும் மவுஸையும் மாற்றிப் பாருங்கள் என்றார்.

எதையும் வாங்குமுன் பழைய பேரேட்டைப் புரட்டுவது நம்ம தொழில் புத்தி. புரட்டினால், கணக்கு முந்நூறு வருஷம் பின்னால் போகிறது!

பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்று ஓர் இத்தாலிய மருத்துவர். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு புத்தகம் போட்டார். 1713-இல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். அவர்கள் நோய்க்கு மூன்று காரணம் சொல்கிறார். ஒன்று, ஓயாமல் உட்கார்ந்திருப்பது. இரண்டு, கை ஒரே பக்கமாக ஓயாமல் அசைவது. மூன்று, கூட்டல் கழித்தலில் பிழை வந்து முதலாளிக்கு நஷ்டமாகிவிடக் கூடாதே என்ற மனப் பதற்றம். அட, நம்ம கிளையில் உட்கார்ந்து எழுதினாரா மனுஷர்!

அவருக்குத் தெரிந்த நோட்டரி ஒருவர் வாழ்நாள் முழுக்க எழுதி எழுதி, வலது கை செயலிழந்து போனது. இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச காலத்தில் அதற்கும் அதே நோய். இதைப் படிக்கும்போது என் இடது மணிக்கட்டில் லேசாகக் கடுகடுப்பு ஆரம்பித்திருந்தது. பகீரென்றது.

பிறகு நடந்ததெல்லாம் கருவியின் மேல் பழி போட்ட கதைதான். 1830-களில் பிரிட்டிஷ் அலுவலகங்களில் குமாஸ்தாக்களுக்குக் கை பிடித்துக்கொண்டபோது, புதிதாக வந்த எஃகு நிப்பைக் குறை சொன்னார்கள். தந்தி வந்தது, மேலும் கீழும் தட்டித் தட்டிக் கை போனது. 1904-இல் அமெரிக்காவில் ஹொரேஸ் மார்ட்டின், பக்கவாட்டில் தள்ளும் தந்திச் சாவிக்குக் காப்புரிமை வாங்கினார். பிரிட்டனில் 1908-இல் தந்திக்காரர் கைவலி, நஷ்டஈடு தரவேண்டிய நோய்ப் பட்டியலில் ஏறியது. 1980-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் கீபோர்டு ஊழியர்களிடையே கைவலி அலையாகப் பரவியபோது, எல்லாம் மனசில்தான் என்றுகூட ஒரு சாரார் வாதாடினார்கள்.

இரண்டாகப் பிளந்த கீபோர்டு புது யோசனை என்று நினைத்திருந்தேன். 1926-லேயே ஜெர்மனியில் க்ளோக்கன்பெர்க் என்பவர் தட்டச்சுப் பலகையை இரண்டாகப் பிரித்துச் சாய்த்து வைக்கலாம் என்று எழுதிவிட்டார். மைக்ரோசாஃப்ட்டின் நேச்சுரல் கீபோர்டு 1994-இல்தான் வந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968-இல் மேடையில் மவுஸைக் காட்டியபோது, வலது கையில் மவுஸ், இடது கையில் ஐந்து சாவி கொண்ட தனிப் பலகை. மவுஸ் நிலைத்தது, இடது கைப் பலகை காணாமல் போனது.

நம்ம கதைக்கு வருவோம். ரங்கராஜன் குழு 1984-இல் அறிக்கை கொடுத்த பிறகு வங்கிகளில் கம்ப்யூட்டர் படிப்படியாக நுழைந்தது. அதற்கு முன் லெட்ஜர் எடுக்க எழுந்து போகணும், முத்திரை குத்தணும், டோக்கன் கொடுக்கணும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கை வேறு மாதிரி அசைந்தது. இன்று எல்லாம் ஒரே நாற்காலியில், ஒரே க்ளிக்கில். வேலை சுலபமாயிற்று, கைக்கு மாறுதல் போயிற்று.

நான் செய்தது இதுதான். நேரான கீபோர்டில் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளையும். அதனால் பிளந்த கீபோர்டு. அதிலும் வலது ஓரத்தில் எண் பலகை இல்லாதது, ஏனென்றால் அது மவுஸைத் தள்ளித் தோளை இழுக்கும். எண் இல்லாமல் நமக்குப் பிழைப்பில்லையே, ஆகவே தனி எண் பலகை ஒன்று இடது பக்கம் (எங்கல்பார்ட் வாழ்க). கைகுலுக்குவது போல் பிடிக்கும் செங்குத்து மவுஸ், என் உள்ளங்கை அளவுக்குப் பொருந்துவதை மட்டும். கீபோர்டின் பின்னங்கால்களை மடக்கிவிட்டேன். தூக்கி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். ஆபீசில் அனுமதி கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஆனால் ராமஸ்ஸினியின் மூன்று காரணங்களில் இது ஒன்றுக்குத்தான் மருந்து, அதுவும் பாதி. அதனால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துவிடுகிறேன். பியூனைக் கூப்பிடாமல் ஃபைலை நானே போய் எடுக்கிறேன். மூன்றாவது காரணத்துக்கு, டேலி ஆகாத நாளில், மருந்து இன்னும் கிடைக்கவில்லை!

மரத்துப்போவது பாதி குறைந்திருக்கிறது. கையெழுத்து பழையபடி வரவில்லை. புது மாதிரிக் கையெழுத்து கொடுத்துவிட்டேன். வீட்டில் பெண் கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நேற்று அவளுக்கு ஒரு மேஜை வாங்கிப் போட்டேன். உங்கள் வீட்டிலும் ராத்திரியில் யாராவது கையை உதறிக்கொண்டு எழுந்தால், என்னை மாதிரி தூங்கிவிடாதீர்கள்.