நகர வீதியும் மக்கள் நலமும்: இலண்டன் அணைக்கரை தரும் பாடம்

மக்களின் உடல்நலம் மருத்துவமனைகளில் எந்த அளவு பேணப்படுகின்றதோ, அந்த அளவு வீதிகளையும் வடிகால்களையும் வகுப்போரின் கைகளிலும் தங்கியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் மாநகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1848-49 ஆம் ஆண்டுகளில் அந்நகரிற் பரவிய வாந்திபேதி ஏறத்தாழ 14,000 உயிர்களைக் கவர்ந்தது. 1854 இல் புறோட் வீதிப் பகுதியில் நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்த மருத்துவர் ஜோன் ஸ்னோ, அந்நோய் குடிநீர்வழியே பரவுகின்றதென எடுத்துக்காட்டினார். ஆயின், துர்நாற்றமே நோய்க்குக் காரணமென்ற கொள்கையே அன்று மேலோங்கியிருந்தது. 1858 ஆம் ஆண்டுக் கோடையிலே, நகரக் கழிவுகளைச் சுமந்த தேம்ஸ் நதியின் நாற்றம் கரையிலிருந்த பாராளுமன்றத்தையும் எட்டியது. அவ்வாண்டிலேயே வடிகால் வேலைகளுக்கான சட்டம் நிறைவேறிற்று. கொள்கை பிழையாயினும், கழிவைக் குடிநீரினின்று பிரிக்க அது வழிவகுத்தமையாற் பரிகாரம் பலனளித்தது.

பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற், கழிவுநீரை நகருக்குக் கிழக்கே கொண்டுசெல்லும் பெருங்கால்வாய்களை நதிக்குச் சமாந்தரமாக வகுத்தார். அவற்றுள் ஒன்றை நதியோரமாக அமைக்க வேண்டியிருந்தது. நெரிசல் மிக்க ஸ்ராண்ட் வீதியைத் தோண்டினால் நகரின் போக்குவரத்துத் தடைப்படும். எனவே நதியின் ஓரப்பகுதி தூர்க்கப்பட்டுப் புதிய அணைக்கரை எழுப்பப்பட்டது. 1870 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கரையின் மேலே அகன்ற வீதி சென்றது. கீழே கழிவுநீர்க் கால்வாயும் சுரங்கப் புகையிரதப் பாதையும் அமைந்தன. போக்குவரத்து நெரிசலுக்கும் சுகாதாரக் கேட்டுக்கும் ஒரே திட்டத்தில் விடை காணப்பட்டமை இங்கு கருதத்தக்கது.

எனினும், வடிகாற் திட்டத்தின் பயன் யாவரையும் ஒருங்கே சென்றடையவில்லை. 1866 இல் வாந்திபேதி மீண்டும் தோன்றியபோது, வறிய தொழிலாளர் செறிந்து வாழ்ந்த கிழக்கு இலண்டனில் வடிகால் வேலைகள் முற்றுப்பெற்றிருக்கவில்லை. அப்பகுதிக்கு நீர் வழங்கிய கம்பனி வடிகட்டப்படாத நீரையும் விநியோகித்திருந்தது. 5,000 க்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். வேலைகள் நிறைவுற்ற பகுதிகளோ பெரும்பாலும் தப்பின. கிழக்கின் கழிவுநீரை ஏற்றும் அபி மில்ஸ் நீரேற்று நிலையம் 1868 இலேயே இயங்கத் தொடங்கிற்று.

அதன்பின் இலண்டனில் வாந்திபேதி கொள்ளைநோயாகப் பரவவில்லை. 1892 இல் ஜேர்மனியின் ஹாம்பர்க் நகரில் அது 8,000 க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும் இலண்டன் தப்பியது. ஆகவே, நகரத் திட்டமிடல் உயிர்காக்க வல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் எப்பகுதியில் வேலை முதலில் முடிவுறுகின்றது, எப்பகுதி காத்திருக்கின்றது என்பதும் உயிர்களைப் பொறுத்த தீர்மானமே என்பதைக் கிழக்கு இலண்டனின் மரணங்கள் உணர்த்துகின்றன. நகரத் திட்டங்களை ஆராய்வோர் இவ்வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும்.