போர்க்கால மகளிரும் எல்லைக்கோடும்

இரண்டாம் உலகப் போரில் அயல்நாட்டு வீரரை மணந்து, கணவன் நாட்டுக்குக் கடல் கடந்து சென்ற பெண்டிரைப் 'போர் மணமகளிர்' என்று மேலைநாட்டார் வழங்கினர். கனடாவுக்கு மட்டும் ஏறத்தாழ 43,000 மனைவியரும் 21,000 குழந்தைகளும் சென்றனர். அவருள் பெரும்பாலோர் பிரிட்டனில் குண்டுவீச்சினிடையே பங்கீட்டு உணவுண்டு வாழ்ந்தவர். அவருட் பலர் வந்திறங்கிய ஹாலிபாக்ஸ் துறைமுகக் கட்டடம் இன்று குடியேற்ற அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அவர்தம் நினைவுகள் அங்குப் போற்றிக் காக்கப்படுகின்றன.

குன்னத்துகாலில் வாழும் நமக்கும் இச்செய்தி தொலைவானதன்று. நம் ஊரில் குண்டு விழவில்லை. ஆயினும் போர் அடுக்களை வழியே நுழைந்தது. திருவிதாங்கூரில் தேவைக்குப் போதிய நெல் விளைவதில்லை. பர்மா அரிசியே பெருந்துணை. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அவ்வரிசி நின்றது. மரச்சீனிக் கிழங்கே பல இல்லங்களின் உணவாயிற்று. அக்கிழங்கை உண்டு வளர்ந்த சிறுமியரே பின்னாளில் நம் இல்லங்களின் மூதாட்டியர் ஆயினர்.

அன்று விளவங்கோட்டுப் பெண் நெய்யாற்றின்கரை வட்டத்தில் வாழ்க்கைப்படுவது அடுத்த ஊருக்குச் செல்வது போன்றதே. இரண்டும் ஒரே நாட்டில் இருந்தன. 1956 நவம்பர் 1 ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் குமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிறந்தகம் ஒரு மாநிலம், புகுந்தகம் மற்றொரு மாநிலம் என்றாயிற்று. கனடா சென்றவள் கப்பலேறிப் புதுநாடு கண்டாள். நம் மூதாட்டியோ வாயிற்படி தாண்டாமலே எல்லையைக் கடந்தாள். மக்கள் பள்ளியில் மலையாளம் பயில, வீட்டில் தாலாட்டும் வசவும் கதையும் தமிழாகவே நிலைக்கச் செய்தவள் அவளே.

அன்பர்களே! 1942 இல் பத்து வயதுச் சிறுமியாய் இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவருள் எஞ்சியோர் மிகச் சிலரே. நம் இல்லத்தில் அத்தகையார் இருப்பின், இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும் அருகமர்ந்து கேட்போம். கேட்டதை அவர் சொற்களிலேயே தமிழில் எழுதி வைப்போம். அருங்காட்சியகம் எழுப்ப நம்மிடம் பொருளில்லை. ஒரு குறிப்பேடு வாங்க இயலாதவர் நம்முள் எவருமிலர்.