கல்வி வரியும் பிரம்பும்

பழைய வீட்டு வரி ரசீது ஏதாவது பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பொது வரி, தண்ணீர் வரி, விளக்கு வரி என்று போகும் கட்டங்களுக்கு நடுவே கல்வி வரி என்று ஒரு கட்டம் இருக்கும். நகராட்சியில் 32 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். அதில் 11 ஆண்டுகள் பில் கலெக்டர். வாசலில் நின்று ரசீது கிழிக்கும்போது எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்: "கல்வி வரின்னு தனியா வாங்குறீங்களே, பள்ளிக்கூடம் ஒழுகுதே, அந்தப் பணம் எங்கே போகுது?" பதில் சொல்லும் இடத்தில் நான் இல்லை. சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வேன்.

அதே கேள்வியை நான் ஒரு தகப்பனாகக் கேட்க வேண்டிய நாளும் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் காசும் கண்டிப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த கதை அது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எளிது. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பவர் பெற்றவர். அரிசி, காய்கறி, பண்டிகைக்குத் துணி, கையில் இருந்தால் சில்லறை. அடியும் அங்கே தாராளம்தான். குட்டு, தோப்புக்கரணம், கையைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடும் கோதண்டம் எல்லாம் உண்டு. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்தவரும் அந்தப் பெற்றவரே. ஆனால் ஒன்று. வாத்தியார் சரியில்லை என்று பட்டால் அரிசியை நிறுத்தலாம், பிள்ளையை அடுத்த தெருத் திண்ணைக்கு அனுப்பலாம். காசு கொடுத்தவன் கையில் பிடி இருந்தது.

1826இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ இப்படிப்பட்ட பள்ளிகளைக் கணக்கெடுத்து அறிக்கை எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். அரசே பள்ளிகள் தொடங்க வேண்டும் என்றும் அதில் யோசனை சொன்னார். வாத்தியாருக்கு அவர் நினைத்த மாதச் சம்பளம் 9 ரூபாயிலிருந்து 15 ரூபாய் வரை. இது குறைவுதான், மீதியைப் பிள்ளைகளிடமிருந்து வாத்தியார் பெற்றுக்கொள்வார் என்பது அவர் போட்ட கணக்கு. அரசுப் பள்ளி என்ற எண்ணம் பிறந்தபோதே மீதிக் காசு பெற்றோர் தலையில் என்பதும் கூடவே பிறந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வித்தையை வெள்ளைக்காரர்கள் நம் ஊரில்தான் கற்றுக்கொண்டார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியைக் கவனித்து வந்தார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தன் விடுதியில் செய்து பார்த்து, 1797இல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றுப் பரவியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர்.

அங்கே இந்த முறை பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் சிக்கனம். ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். அப்படி நடத்த வேண்டுமானால் மணி, வரிசை, கட்டளை இல்லாமல் முடியாது. இதே போன்ற முறையை லண்டனில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர் பிரம்படியை விரும்பாதவர். ஆனால் குறும்பு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்! நம் கோதண்டத்துக்குத் தம்பி முறை. வாத்தியார்களைக் குறைத்து மிச்சம் பிடித்த காசுக்கு ஈடாகப் பிள்ளையைக் கட்டிப்போட ஏதோ ஒன்று தேவைப்படுகிறது, பாருங்கள்.

பிறகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது 'தேர்ச்சிக்கேற்ற மானியம்'. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைக் கேள்வி கேட்பார், எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம். தேறாத பிள்ளை வாத்தியாருக்கு நேரடி நஷ்டம். ஆய்வு நாள் நெருங்க நெருங்கப் பிரம்புக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1904இல் கர்சன் பிரபு காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. பணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

நான் பில் போட்ட கல்வி வரிக்கு வேர் 1920ஆம் ஆண்டின் சென்னை தொடக்கக் கல்விச் சட்டம். கட்டாயக் கல்வி கொண்டுவரவும், அதற்காக வரி போடவும் உள்ளாட்சிகளுக்கு அது வழி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானம் போட்டது. தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. 1925இல் நின்றுபோனது. கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்க ஆங்கில அரசு இடம் கொடுக்காததுதான் காரணம். படிக்க வரும் பிள்ளையின் பசி கல்விச் செலவில் சேருமா என்ற கேள்விக்கு, அன்றைக்கு மேலிடம் சொன்ன பதில் 'சேராது'.

அந்தப் பதிலை மாற்ற 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் 1953இல் ராஜாஜி, பள்ளிகளும் வாத்தியார்களும் போதாத நிலையில், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அது குலக்கல்வி என்று எதிர்ப்புக்கு ஆளாகி, 1954இல் காமராசர் வந்ததும் கைவிடப்பட்டது. 1956இல் காமராசரின் மதிய உணவு தொடங்கியது. படிப்படியாக உயர்நிலைப்பள்ளி வரை சம்பளம் கட்டும் கவலையும் போயிற்று. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் நாற்காலி, மணி, கடிகாரம் என்று வரிசையாகக் கொண்டுவந்து கொடுத்ததை நம் வயதுக்காரர்கள் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். தட்டில் சோறு விழுந்தது உண்மை. ஆனால் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு பிள்ளை எங்கே உட்கார்ந்தது?

இங்கேதான் என் பையன் வருகிறான். 1984. நகராட்சி நடுநிலைப்பள்ளியில் ஏழாம் வகுப்பு. வகுப்பில் 62 பிள்ளைகள். பெஞ்சு கிடையாது. சிமென்ட் தளம் பெயர்ந்து மண்ணாகக் கிடந்த தரையில் உட்கார வேண்டும். வெள்ளைச் சட்டை, காக்கி டிரவுசர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மதியத்துக்கு மேல் சீருடைச் சோதனை. பின்பக்கம் மண்ணாக இருந்தால் வெயிலில் முட்டி போட வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள், முழங்காலில் தோல் உரிந்து வந்தான். என் மனைவி மஞ்சள் வைத்துக்கொண்டே, "என்னங்க, உட்காரப் பலகை குடுக்காம உடுப்பு அழுக்குன்னு அடிச்சா எப்படி? வரியும் நீங்கதானே வசூல் பண்றீங்க" என்றாள்.

மறுநாள் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"சார், பெஞ்சுக்கு மூணு வருஷமா எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன். அது என் கையில் இல்லை. ஒழுங்குக்கு யாருக்கும் எழுதிப் போட வேண்டியதில்லை. அதை நானே பார்த்துக்கலாம்."

அவர் சொன்னதை இத்தனை ஆண்டுகளாக மனதில் அசைபோட்டிருக்கிறேன். அவர் அதிகாரத்துக்குள் இருந்தது பிள்ளையின் முழங்கால் மட்டும். அலுவலகத்தில் கல்வி நிதிக் கணக்கு பார்த்த நண்பரிடம் கேட்டேன். பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கே சரியாகப் போகிறது, பராமரிப்புக்கு மிஞ்சுவது சொற்பம் என்றார். சம்பளம் வீண் செலவு இல்லை. வாத்தியார் இல்லாமல் பள்ளி ஏது? ஆனால் வரி கட்டிய எவரையும் கூப்பிட்டு, 'இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, உங்கள் பிள்ளைக்கு முதலில் பெஞ்சா, கூரையா?' என்று ஒருவரும் கேட்டதில்லை. பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிட்டதெல்லாம் இரண்டு காரியத்துக்குத்தான்: நன்கொடை, பிள்ளை மீது புகார். 17 பெற்றோர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். ஒன்றரை ஆண்டு கழித்து இரண்டு வகுப்புகளுக்குப் பெஞ்சு வந்தது. அதற்குள் என் பையன் உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விட்டான்.

எங்கள் ஊரில் நடந்தது அவ்வளவுதான். மற்ற இடங்களில் பெற்றோர் இன்னும் தூரம் போனார்கள். டெல்லியில் பெற்றோர் அமைப்பு ஒன்று உயர்நீதிமன்றம் போய், அடிக்க அனுமதி தந்த பள்ளி விதியை 2000 டிசம்பரில் ரத்து செய்ய வைத்தது. தமிழ்நாட்டிலும் 2003இல் கல்வி விதிகள் திருத்தப்பட்டு, அடிப்பதற்குத் தடை வந்தது. அப்போது நம்மில் பலரே "அடியாத மாடு படியாது" என்று முணுமுணுத்தோம். மாட்டுக்காவது தொழுவம் கட்டிக் கொடுத்த பிறகுதான் அந்தப் பழமொழியைச் சொல்கிறோம்.

2009இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். அதன் 17ஆம் பிரிவு, பிள்ளையின் உடலையும் மனதையும் நோகடிக்கும் தண்டனையைத் தடை செய்கிறது. அடுத்த சில பக்கங்களில் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது குழுவின் வேலைகளில் ஒன்று. ஆறு முதல் எட்டு வரை வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்ற கணக்கும் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. பிரம்பைக் கீழே வைக்கச் சொன்ன சட்டமே, பிரம்பு எதனால் தேவைப்பட்டதோ அந்தக் குறைகளையும் கூடவே எழுதி வைத்திருக்கிறது. திண்ணைப் பள்ளியோடு போய்விட்ட பிடி, 180 ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் காகிதத்திலாவது பெற்றவர் கைக்குத் திரும்பியிருக்கிறது.

2022இல் நம் மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். என் மருமகளின் தங்கை ஒரு குழுவில் உறுப்பினர். கூட்டத்தில் என்ன கேட்பது என்று என்னிடம் யோசனை கேட்டாள். "முதல்ல கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லும்மா. பிள்ளைங்க ஒழுங்கைப் பத்திப் பேச்சு வந்தா, கழிப்பறையில தண்ணி வருதா, எல்லாருக்கும் உட்கார இடம் இருக்கான்னு கேளு. அப்புறம் ஒழுங்கைப் பத்திப் பேசலாம்" என்றேன். போன கூட்டத்தில் அப்படியே கேட்டாளாம். குடிநீர்க் குழாய் பழுது பார்த்த செலவைத் தலைமை ஆசிரியை வரிசையாகப் படித்துக் காட்டினாராம். குழாய் இரண்டு, மேசன் கூலி, சிமென்ட் அரை மூட்டை. தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் மகளிடமோ மருமகளிடமோ கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் காலத்துப் பெஞ்சு, பிரம்பு நினைவுகளையும் எழுதுங்கள்.