பீப்பிள்ஸ் பார்க் முதல் பேட்டைப் பூங்கா வரை: சென்னையில் பூங்காவின் மதிப்பு மாறிய வரலாறு

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருப்பது பார்க் ஸ்டேஷன். அடுத்திருக்கும் பேட்டையின் பெயர் பார்க் டவுன். இரண்டு பெயர்களுக்கும் காரணமான பூங்கா இன்று இல்லை. ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் 1859இல் முன்வைத்த திட்டத்தால் உருவான பீப்பிள்ஸ் பார்க் அது. 116 ஏக்கர் பரப்பில் 11 குளங்கள், வண்டிப் பாதைகள், பேண்டு மேடை ஆகியவற்றோடு அமைந்தது. நெரிசலான தெருக்களில் வாழ்வோருக்கு நல்ல காற்று கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அக்கால மருத்துவம் நம்பியது.

அதற்கு முன்பும் நகரத்தில் மரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் நந்தவனம் சாமிக்குப் பூப் பறிக்க, தோப்பு விளைச்சலுக்கு. ஊர்ப் பொதுவான நிழல் ஆலமரத்தடியிலும் குளக்கரையிலும் கிடைத்தது. உலாவுவதற்கென்றே வேலியிட்டுப் பராமரிக்கும் நிலம் புதிய கருத்து. நிறுவியவர்கள் எண்ணிய பொருளில் மக்கள் அதை ஏற்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை 1860களில் இப்பூங்காவுக்கு வந்தது. அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’, காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். பூங்காவை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை: அது நல்ல காற்று வாங்கும் இடமன்று, வேடிக்கை பார்க்கும் இடம். ஆண்டிறுதியில் நடந்த பார்க் ஃபேரும் அத்தகையதே. 1886 டிசம்பர் 31 அன்று அந்தச் சந்தையில் பிடித்த தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

எப்போதாவது வந்து போகும் இடத்துக்குக் காவலாக நிற்பவர்கள் குறைவு. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பிற்காலத்தில் நேரு விளையாட்டரங்கம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பூங்கா நிலத்தில் எழுந்தன. ஒவ்வொன்றும் பொதுத் தேவைக்கானது. அதனாலேயே எந்த இழப்பும் இழப்பாகத் தோன்றவில்லை. விலங்குகள் 1985இல் வண்டலூருக்குப் போனபோது பூங்கா என்று சொல்ல மிச்சம் அதிகமில்லை.

இதற்கிடையே வேறொரு வகைப் பூங்கா வளர்ந்தது. 1920களில் நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானபோது, வீட்டுமனைகளோடு சேர்த்தே பனகல் பூங்காவும் வரையப்பட்டது. மயிலாப்பூர் லஸ்ஸில் அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் அமைந்த பூங்காவும் இவ்வகைதான். இவை சிறியவை; பார்க்கத்தக்க அதிசயம் எதுவும் இல்லாதவை. ஆனால் வீட்டிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போகக்கூடியவை. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் பரவி, மருத்துவர்கள் நடக்கச் சொல்லத் தொடங்கியதும், ‘வாக்கிங்’ என்ற சொல்லே பூங்காவின் முதற்பொருளாயிற்று. நாகேஸ்வர ராவ் பூங்காவில் சிறுவர் கச்சேரியும் நடக்கிறது. அன்றாடம் வருகிறவருக்கு ஒரு பெஞ்சின் கால் உடைந்தாலும் தெரியும். அதுவே பூங்காவின் உண்மையான வேலி.

சட்டம் இந்த உணர்வுக்கு மெல்லத் துணை வந்தது. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காக்கும் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கும் விதியும் வந்தது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துப் பெங்களூர்க் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஏற்றது அத்தீர்ப்பின் பெரும் பயன்.

எனினும் ‘குடியிருப்போர்’ என்ற சொல் எல்லாரையும் அடக்கவில்லை. காலையிலும் மாலையிலும் திறந்து நண்பகலில் பூட்டுவது பல பூங்காக்களின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. நடப்பவருக்கு அது பொருந்தியது. உச்சிவெயிலில் நிழல் தேடும் தள்ளுவண்டிக்காரருக்கும் உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கும் பொருந்தவில்லை. பெண்கள் ஒரு பூங்காவை மதிப்பிடுவதில் மரத்தைவிட விளக்கும் கழிவறையும் முந்துகின்றன. வசதியான மனிதரின் நடைநேரத்தை மட்டும் கணக்கில் கொண்டு நேரம் வகுப்பது பொதுநிலத்துக்கு நியாயமன்று. நேரத்தைப் போலவே கட்டணமும் ஒரு தடைதான்: 2010இல் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அங்கே பழைய வேடிக்கைப் பூங்காவின் சாயல் திரும்புகிறது.

2015 வெள்ளம் இன்னொரு மதிப்பைச் சேர்த்தது. காங்கிரீட் போடாத மண் மழைநீரைக் குடிக்கும் என்பது கண்கூடாகத் தெரிந்தபின், நீரை உறிஞ்சித் தேக்கும் ‘ஸ்பாஞ்ச் பார்க்’குகளை மாநகராட்சி அமைத்தது. அதற்கு முன்பே அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம் மரப் பூங்கா உருவாகியிருந்தது. குப்பை கொட்டிக் கிடந்த இடம் அது. ‘நிழல்’ அமைப்பும் தன்னார்வலர்களும் அதைச் சீர்செய்து, நம் மண்ணுக்குரிய மரங்களை நட்டு வளர்த்தார்கள். 1859இல் ஆளுநர் மக்களுக்காகப் போட்டுக்கொடுத்தது பூங்கா; இங்கே மக்கள் தாமே மண்வெட்டி பிடித்தார்கள்.