மாமியார் வீட்டைவிட்டுக் கிளம்பிய மருமகள்... மணிப்பூர் கொண்டாடும் போர் தெய்வம் பாந்தோய்பி!

மணிப்பூர் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? குத்துச்சண்டைக்கு மேரி கோம், பளுதூக்குதலுக்கு மீராபாய் சானு... இவங்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு சீனியர் ஒருத்தி அங்கே இருக்கிறாள். பெயர் பாந்தோய்பி. இம்பால் பள்ளத்தாக்கில் வாழும் மெய்தி மக்களின் பழைய மதம் சனமாஹி. அதில் போருக்கும் துணிச்சலுக்கும் அவள்தான் தெய்வம். காதலுக்கும் அவளேதான்!

போர் தெய்வம்னா கையில் ஆயுதம், காலடியில் அசுரன் என்று நம் மனசு தானாகவே ஒரு படம் வரைந்துவிடும். ஆனா, பாந்தோய்பியைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதையில் போர்க்களமே கிடையாது. அது ஒரு கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது.

பெற்றவர்கள் பார்த்து அவளை காபா குலத்து இளவரசனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். மருமகளோ வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற ஆள் இல்லை. காடு, மலை, ஆறு என்று சுற்றுகிறவள். அப்படிப் போன இடத்தில் நோங்போக் நிங்தௌவைச் சந்திக்கிறாள். 'கிழக்கின் அரசன்' என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம். இம்பாலுக்குக் கிழக்கே நிற்கும் நோங்மாய்ச்சிங் மலை அவனுடையது. இருவருக்கும் காதல். ஒருநாள் அவள் புகுந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

காபா குலத்தார் சும்மா விடுவார்களா? தேடிக்கொண்டு பின்னாலேயே போகிறார்கள். இதைச் சொல்லும் பழைய மெய்தி நூலின் பெயரே 'பாந்தோய்பி கோங்குல்', அதாவது பாந்தோய்பியின் காலடித் தடத்தைத் தொடர்தல். இந்த மாதிரிக் கதைகள் எப்படி முடியும்னு நமக்குத் தெரியும். பெண் தண்டிக்கப்படுவாள், இல்லையென்றால் தீயில் இறங்குவாள். இங்கே அப்படி இல்லை. துரத்தியவர்களே, எதிரில் நிற்பவர்கள் தெய்வங்கள் என்று புரிந்துகொண்டு வணங்குகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

'லாய் ஹராவ்பா' திருவிழாவில் இந்தக் காதல் இன்றும் ஆடிக் காட்டப்படுகிறது. தெய்வங்களை மகிழ்விக்கும் விழா அது. 'மாய்பி' எனப்படும் பெண் பூசாரிகள்தான் முன்னால் நின்று நடத்துவார்கள். பக்கத்தில் பேனா இசை. நம் பாக்கெட்டில் இருக்கும் பேனா இல்லைங்க, ஒற்றைத் தந்தி வாத்தியம்! நாடகம் மாதிரியான ஒரு பகுதியில் பாந்தோய்பியும் நோங்போக் நிங்தௌவும் வேஷம் மாற்றிக்கொண்டு வருவார்கள். அவன் ஒரு தாங்குல், அதாவது உக்ருல் மலைப்பகுதி நாகா பழங்குடி ஆண். அவள் நுராபி. வயலை வைத்து இரண்டு பேருக்கும் கிண்டலும் வாக்குவாதமும் நடக்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பள்ளத்தாக்குத் தெய்வங்கள் மலைக்காரர் உடையில் வருவது சாதாரண விஷயமா? 2023 மே மாதத்துக்குப் பிறகு மலையும் பள்ளத்தாக்கும் பிளந்து கிடக்கும் மணிப்பூரில், அந்தக் காட்சியைச் சிரித்துவிட்டு மட்டும் கடக்க முடியாது.

18-ம் நூற்றாண்டில் மன்னர் பாம்ஹெய்பா வைணவத்தைத் தழுவினார். பழைய சமய நூல்கள் எரிக்கப்பட்டன. பாந்தோய்பி துர்கை ஆனாள், நோங்போக் நிங்தௌ சிவன் ஆனார். அவளுக்கான 'பாந்தோய்பி இராத்பா' விழாவும் துர்கா பூஜையோடு கலந்துபோனது. 20-ம் நூற்றாண்டில் சனமாஹி மறுமலர்ச்சி தொடங்கியபோது, 'எங்கள் பாந்தோய்பி வேறு, துர்கை வேறு' என்ற குரல்களும் எழுந்தன. இரண்டு பேரும் ஒருவரே என்று நம்பி வணங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவளைப் பார்க்கணும்னா இம்பாலிலிருந்து ஆண்ட்ரோ கிராமத்துக்குப் போகலாம். அங்கே அவளுக்குக் கோயில் இருக்கிறது. அந்த ஊரில் மண்பானை செய்வது பெண்களின் வேலை, சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைவார்கள். முதல் பானையைச் செய்தவளே பாந்தோய்பிதான் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் போனால் பள்ளத்தாக்கில் எங்காவது லாய் ஹராவ்பாவும் கண்ணில் படும். மாய்பி அருள் வந்து ஆடும்போது மட்டும் கேட்காமல் மொபைலை நீட்டிவிடாதீங்க!