நாலாவது அடி

போன சாரலில் குற்றாலம் போயிருந்தேன். ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து, 1954-ல் கண்மூடிய ஊர். அங்கே கம்பனை வாசிக்காமல் திரும்பலாமா? இணையப் பக்கம் ஒன்றிலிருந்த விருத்தங்களைத் தென்காசியில் ஒரு கடையில் அச்செடுத்தேன். மூன்று அடி ஒரு தாளின் கீழே. நாலாவது அடி மறு தாளின் தலையில்! கம்பன் எத்தனையோ பாட்டில் விஷயத்தை வைப்பதே அந்த நாலாவது அடியில்தான்.

பழைய ஏட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? பனையோலையில் அடி பிரிப்பதில்லை. புள்ளியும் பெரும்பாலும் இராது. ஓலை முடிந்த இடத்தில் பாட்டு ஒடியும். எழுதுகிறவர் மரியாதையாக இடம் விட்டது, கயிறு கோக்கும் துளைக்குத்தான்! அந்த வெள்ளத்தில் மூலம் எது, உரை எது என்று பிரித்து, உ.வே.சாமிநாதையர் 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டார். டி.கே.சி. சந்தியையும் பிரித்து, வாய்விட்டுப் படிக்கத் தோதாகப் பாட்டைத் தாளில் அமர்த்தினார். (பாட்டையே திருத்துகிறார் என்று பண்டிதர்கள் சண்டைக்கு வந்தது வேறு கதை.)

ஈய எழுத்துக் காலத்தில், பாட்டு ஒடிகிறதென்றால் அச்சுக்கோப்பவர் அதை முழுசாக அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுவார். இணையப் பக்கத்துக்கோ நீளமே கிடையாது. தாளின் அளவைப் பார்த்து யந்திரம் வெட்டுகிறது. அதற்கும் வழி இல்லாமல் இல்லை. அப்பக்கங்களின் தோற்றத்துக்கு விதி வகுக்கும் சி.எஸ்.எஸ்.ஸில், ‘இதை நடுவில் வெட்டாதே’ என்ற கட்டளை 1998-லேயே வந்துவிட்டது. ஒரு வரி. பக்கத்தை அமைத்தவர் அதை எழுதவில்லை.

"எழுத்தைச் சின்னதாக்கட்டுமா, அண்ணாச்சி?" என்றான் கடைத் தம்பி. ஆக்கினான். அந்தப் பாட்டு பிழைத்தது; அடுத்த பாட்டு ஒடிந்தது.